கைநழுவும் ஆறு மாதம்

என் அக்கா மகன் சட்டை போடுவதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். வலது கையால் இடது கையைத் தூக்கி முதலில் அதைச் சட்டைக்குள் நுழைப்பான். பிறகுதான் வலது கை. வெளியே கிளம்பும்போது இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்வான். செருகாவிட்டால் நடக்க நடக்க அது தொங்கி ஆடும். அந்த ஆட்டத்தில் தோள்மூட்டு இழுபட்டு வலிக்கும். தெரியாதவர்களுக்கு அவன் தோரணையாக நிற்பதுபோல் இருக்கும்.

விபத்து நடந்தபோது அவனுக்கு 23 வயது. திண்டிவனம் தாண்டி, இரவு நேரத்தில், விளக்கில்லாமல் ஓரம் கட்டி நின்ற லாரியில் பைக் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தான், அதனால்தான் இன்று எங்களோடு இருக்கிறான். தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள், காறை எலும்புக்கு பிளேட் வைத்தார்கள். எல்லாம் நன்றாகவே செய்தார்கள். கை மட்டும் எழும்பவில்லை. கேட்டோம். “நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கு, போகப் போக வந்துடும்” என்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பிசியோதெரபிக்குப் போனான், கரண்ட் வைத்தார்கள். கால் தேறியது, நடந்தான், பைக்குக்கு இன்சூரன்ஸ் வந்தது. கை வரும் வரும் என்று காத்திருந்தோம். பதினோரு மாதம் போனது.

பிறகு யாரோ சொல்லி, நரம்பு அறுவைச் சிகிச்சை செய்யும் ஒரு நிபுணரிடம் போனோம். அவர் ஸ்கேனைப் பார்க்கவில்லை, கையைத் தொடவில்லை. முதலில் கேட்டது, “அடிபட்டு எத்தனை நாள் ஆச்சு?” நான் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

அன்று அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். தோளில் விழும் பலத்த அடிக்கு இரண்டு கெடுக்கள் உண்டு. ஒன்று சில மணி நேரம். அது ரத்தக் குழாய்க்கு. மற்றது சில மாதம், அது நரம்புக்கு. முதல் கெடுவைத் தவறவிட்டால் கையோ உயிரோ போகும். இரண்டாவதைத் தவறவிட்டால் கை உடம்பில் இருக்கும், உதவாது. முதல் கெடுவுக்கு நம் மாநிலத்தில் ஓரளவு ஏற்பாடு உண்டு. இரண்டாவதற்கு ஏற்பாடு என்று எதையும் எங்கள் அனுபவத்தில் நாங்கள் பார்க்கவில்லை.

தோள் என்பது உடம்பில் ஆணியடித்து மாட்டிய உறுப்பு அல்ல. முதுகில் முக்கோணத் தட்டுபோல் இருக்கும் தோள்பட்டை எலும்பு, விலா எலும்புகளின்மேல் தசைகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கிறது. கையை உடம்போடு எலும்பால் இணைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் அந்தக் கட்டைவிரல் நுனி அளவு மூட்டு. மற்றதெல்லாம் தசையின் பிடிமானம். நாற்று நடுவதும் கிரிக்கெட்டில் பந்து வீசுவதும் தலைச்சுமையைத் தாங்குவதும் இந்தத் தளர்வான அமைப்பால்தான் முடிகிறது. அதே தளர்வுதான் விபத்தில் எமனாகிறது. கழுத்தின் பக்கவாட்டிலிருந்து கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள சந்துக்குள் நுழைந்து இறங்குகின்றன. மருத்துவர்கள் பிரேக்கியல் பிளெக்சஸ் என்று சொல்லும் நரம்புப் பின்னல் இதுதான். கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் அதே சந்து வழியாகத்தான் போகிறது.

பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுபவர் பெரும்பாலும் தோளும் தலையும் தரையில் மோதும்படி விழுகிறார். தலை ஒரு பக்கம், தோள் எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ள நரம்புகள் கயிறுபோல் இழுபடுகின்றன. லேசான இழுப்பென்றால் தானாகத் தேறும். பலமான இழுப்பென்றால் அறும். அதைவிட மோசமானது, தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவது. பிடுங்கிய நாற்றைத் திரும்ப ஊன்றலாம். பிடுங்கிய நரம்பு வேரைத் தண்டுவடத்தில் ஊன்றிக் கைக்கு உயிர் கொடுக்க இன்றைய மருத்துவத்தில் நம்பகமான வழி இல்லை.

2022-இல் நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்தான் நடந்தன: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கடுமையாக அடிபட்டுப் பிழைத்தவர்கள் இந்தக் கணக்கைத் தரும் அரசு அறிக்கையில் “படுகாயம்” என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். கால் முறிந்து மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பியவரும், கை செத்து ஆயுள் முழுக்கப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடப்பவரும் அங்கே ஒரே எண்ணிக்கை.

முதல் நாளைப் பற்றிச் சொல்கிறேன். சாலையில் கிடப்பவரை நாம் எப்படித் தூக்குகிறோம்? இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து, இரண்டு பேர் காலைப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் கழுத்தும் தோளும் நொறுங்கியிருப்பவரை அக்குளில் பிடித்துத் தூக்கினால், மிச்சமிருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் கிழியலாம். நெருப்போ வேறு ஆபத்தோ இல்லையென்றால் 108 ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் இருப்பதே உதவி. கையை இழுக்கக் கூடாது, உதறிப் பார்க்கக் கூடாது, நீவிவிடக் கூடாது. அடிபட்ட கையை நெஞ்சோடு சேர்த்து ஒரு துண்டாலோ துப்பட்டாவாலோ தளர்வாகக் கட்டிவிடலாம். மோதிரம், வளையல், காப்பு, கடிகாரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

மருத்துவமனையில் மூச்சும் ரத்தப்போக்கும் தலைக்காயமும்தான் முதலில். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. தோள்பட்டை எலும்பு எளிதில் உடையாது. தசைகள் மெத்தைபோல் அதை மூடியிருக்கின்றன. அது உடைந்திருக்கிறது என்றால் மோதிய வேகம் அவ்வளவு. உடனே விலாவையும் நுரையீரலையும் பார்த்தாக வேண்டும். காறை எலும்பின் நெஞ்சுப்பக்க முனை பின்னோக்கி நழுவினால் மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் பெரிய ரத்தக் குழாய்களையும் அழுத்தலாம். வெளியே புடைப்பு தெரியாது, ஒரு சின்னப் பள்ளம்தான் தெரியும். விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்று அடிபட்டவர் சொன்னால் அதைப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. சி.டி. ஸ்கேன் எடுத்து, நெஞ்சு அறுவை நிபுணரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதைச் சரிசெய்வார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. தோல் கிழியாமலே, தோள்பட்டை எலும்பு விலாவிலிருந்து பிய்ந்து வெளிப்பக்கமாக விலகிவிடும். தோலுக்குள்ளேயே கை முழுதாகத் துண்டிக்கப்பட்டதுபோல. வெளியே பார்த்தால் தோள் வீங்கியிருக்கும், அவ்வளவே. 1984-இல் ஓரெக் என்பவரும் உடன் பணியாற்றிய இரு அமெரிக்க மருத்துவர்களும் இதை எக்ஸ்-ரேயில் அடையாளம் காணும் வழியை எழுதினார்கள். வழி மிக எளிது. நெஞ்சு எக்ஸ்-ரேயில் முதுகெலும்பிலிருந்து இரண்டு தோள்பட்டை எலும்புகளும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் தெளிவாக அதிகம் என்றால், உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் அறுந்திருக்கலாம் என்று எண்ண வேண்டும். உடம்பு திரும்பிய நிலையில் படம் எடுத்திருந்தால் கணக்கு தவறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பலத்த விபத்தில் வரும் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்-ரே எப்படியும் எடுக்கிறார்கள். கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. கண் மட்டும் விலாவைத் தாண்டித் தோளுக்கும் போக வேண்டும்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. தோளைச் சுற்றிச் சிறு ரத்தக் குழாய்கள் வலைபோல் ஓடுகின்றன. பெரிய குழாய் அறுந்தாலும் அந்தச் சிறு வழிகளில் ரத்தம் வந்து விரல் வெதுவெதுப்பாகவே இருக்கலாம், மணிக்கட்டில் நாடி மெலிதாகத் துடிக்கலாம். “நாடி இருக்கு” என்று நிம்மதியடைந்தால் ஏமாந்துபோவோம். இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தாலோ, காறை எலும்புக்கு மேலே வீக்கம் நிமிடத்துக்கு நிமிடம் பெருகினாலோ, ரத்தக் குழாய்க்கான சி.டி. எடுக்க வேண்டும், நோயாளி தாங்க மாட்டார் என்றால் நேரே அறுவை அரங்குக்குப் போக வேண்டும். ரத்தம் போகாத தசை ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் தாங்கும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. கையில் காசு இல்லாமல் ஊர் ஊராக அலைந்து அந்த ஆறு மணி நேரத்தை இழந்த காலத்தைப் பார்த்தவன் என்ற முறையில், அதன் அருமையை நான் அறிவேன்.

கட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘புத்தூர் கட்டு’ பலகை இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. ஏழைகள் அங்கே போவதற்குக் காரணங்கள் உண்டு: பக்கத்தில் இருக்கிறது, செலவு குறைவு, வைத்தியர் முகம் பார்த்துப் பேசுகிறார். சாதாரண முறிவுகள் அங்கே கூடியும் இருக்கின்றன. ஆனால் தோள் மூட்டு நழுவியதையும் பலத்த அடியையும் எக்ஸ்-ரே இல்லாமல் கையாள்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது. வயதானவருக்கு வாரக்கணக்கில் நழுவியே கிடந்த மூட்டைப் பலம் போட்டு இழுத்தால் அக்குள் ரத்தக் குழாய் கிழியலாம். இறுக்கிக் கட்டினால் விரல் கறுக்கும். எங்கள் வீட்டிலும் மூன்றாம் மாதம் பெரியப்பா ஒருவர் எண்ணெய்க் கட்டுக்கு அழைத்துப் போனார். தவறு அவருடையது அல்ல. கை ஏன் எழும்பவில்லை என்று எங்களுக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

  

இனி நரம்பின் கெடு. நாம் பேசும் தமிழில் ‘நரம்பு’ என்ற சொல் பெரிய பாரத்தைச் சுமக்கிறது. ஊசி போடும் ரத்தக் குழாயும் நரம்பு, முழங்காலுக்குப் பின்னால் புடைப்பதும் நரம்பு, சுண்டி இழுக்கும் தசைநாரும் நரம்பு. அதனால் “நரம்பு அடிபட்டிருக்கு” என்று கேட்கும்போது அதன் கனம் நமக்கு உறைப்பதில்லை. சத்து மாத்திரையில் சரியாகும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம். நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அறுந்த நரம்பைச் சேர்த்தால் அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மாதத்துக்கு ஓர் அங்குலம். கழுத்திலிருந்து முழங்கைக்கு மேலுள்ள தசையைத் தொட எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் தசை சும்மா காத்திருப்பதில்லை. நரம்பிலிருந்து கட்டளை வராத தசை மெலிந்து, நரம்பு வந்து சேரும் முனைகள் அழிந்து, ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் நாராகிவிடும். அதற்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை கேட்காது. அதனால்தான் கை தானாக எழும்புகிறதா என்று பார்க்க மூன்று மாதம்தான் காத்திருக்கலாம். அதிகம் போனால் ஆறு மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வேரோடு பிடுங்கியது உறுதி என்றால் அந்த மூன்று மாதமும் காத்திருக்கத் தேவையில்லை. கத்தியோ கண்ணாடியோ வெட்டியது என்றால் நாட்களிலேயே செய்ய வேண்டும்.

பிடுங்கியதா, இழுபட்டதா? உடம்பே சொல்கிறது. அடிபட்ட பக்கத்துக் கண்ணிமை சற்று இறங்கி, கண்பாவை மற்றதைவிடச் சிறுத்திருந்தால், அது பிடுங்கியதன் பலமான அறிகுறி. கைக்கு அடிபட்டவனின் கண்ணை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? எங்கள் பையனுக்கு இமை இறங்கியிருந்தது. முதல் வாரத்திலேயே என் அக்கா கவனித்தாள். தூக்கமில்லாததால் என்று நினைத்துவிட்டாள். உணர்வே இல்லாத கையில் நெருப்பு வைத்ததுபோல் எரிச்சல் இருப்பதும் இன்னொரு அறிகுறி. எம்.ஆர்.ஐ., நரம்பின் மின்னோட்டப் பரிசோதனை எல்லாம் உண்டு; மின்னோட்டப் பரிசோதனையை அடிபட்ட உடனே செய்தால் முழு விவரம் தெரியாது, மூன்று, நான்கு வாரம் கழித்துச் செய்ய வேண்டும்.

சிகிச்சை கேட்கவே வியப்பாக இருக்கும். போன நரம்பை விட்டுவிட்டு, நல்ல நரம்பு ஒன்றைக் கடன் வாங்குவார்கள். கழுத்துத் தசைக்குப் போகும் நரம்பைத் தோளைத் தூக்கும் தசைக்குத் திருப்புவார்கள். கீழ்வேர்கள் தப்பியிருந்தால், விரல்களுக்குப் போகும் நரம்பிலிருந்து ஓர் இழையை மட்டும் பிரித்து முழங்கையை மடக்கும் தசைக்குக் கொடுப்பார்கள். பிரான்ஸின் ஓபர்லின் 1994-இல் விவரித்த முறை அது. ஐந்து வேரும் போயிருந்தால் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும், மூச்சுக்கான நரம்புகளை எடுத்து வந்து கையில் இணைப்பார்கள். கை அறுவைச் சிகிச்சைக்கென்றே துறை வளர்த்த சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கோவை கங்கா மருத்துவமனையும் இந்த வேலையில் பெயர் பெற்றவை. வெளிநாடு போக வேண்டியதில்லை. உரிய நேரத்தில் ஒரு பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பையனுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. கையின் தசை போய்விட்டதால், தொடையிலிருந்து ஒரு தசையையே எடுத்துக் கையில் வைத்து, விலா நரம்போடு இணைத்தார்கள். பெரிய அறுவை, நீண்ட காத்திருப்பு. பல மாதம் கழித்து ஒருநாள் காலையில் போன் செய்தான். “மாமா, மூச்சை இழுத்தா கை அசையுது.” நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சுக்கான நரம்பு கைக்கு வந்திருக்கிறது. அதனால் முதலில் மூச்சோடு சேர்ந்துதான் முழங்கை மடங்கும். பழகப் பழக மூளை இரண்டையும் பிரித்துக்கொள்ளும். இன்று அவன் ஒரு பையை முழங்கையில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு மடக்குகிறான். விரல்கள் வரவில்லை. ஐந்தாம் மாதம் போயிருந்தால் தோளும் முழங்கையும் இதைவிட நன்றாக வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் காயத்தைப் பற்றிச் சொன்னதாகாது. ஒரு ராத்திரி என்னிடம் கேட்டான்: “மாமா, கையை எடுத்துட்டா வலி போயிடுமா?” போகாது. வேர் பிடுங்கிய இடம் தண்டுவடத்தில் இருக்கிறது. வலி பிறப்பது அங்கே. கையை எடுத்த பிறகும் இல்லாத விரல் எரியும். வழக்கமான வலி மாத்திரை இதற்கு அதிகம் உதவாது. காபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் தண்டுவடத்தில் வேர் நுழையும் இடத்திலேயே செய்யும் அறுவை இருக்கிறது. கல்லூரிப் படிப்பை முடித்த பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறான் என்றால் அதைச் சோம்பல் என்றோ மனக்கோளாறு என்றோ வீட்டில் பேசாதீர்கள். நாங்கள் பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்றும் எங்கள் காலதாமதத்துக்குக் காரணம். “கேஸ் முடியட்டும், கை சரியாயிட்டா நஷ்டஈடு குறையும்” என்று ஒருவர் சொன்னார். அதை நாங்களும் சில வாரம் மனதில் வைத்திருந்தோம். வழக்குக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதைப்போல் நஷ்டம் வேறில்லை. செத்த கைக்குக் கிடைக்கும் பணம், மடங்கும் முழங்கைக்கு ஈடாகாது.

அரசிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. விபத்தில் வந்தவர் வீடு திரும்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு, கம்பி, பிளேட் எல்லாம் எழுதுகிறார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் அசைகிறதா, உணர்வு இருக்கிறதா என்று ஒரு வரியும் சேரட்டும். அசையவில்லை என்றால், எந்தத் தேதிக்குள் எந்த மருத்துவமனையின் நரம்பு அறுவைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். ‘ஒரு மாதம் கழித்து எலும்புப் பிரிவுக்கு வரவும்’ என்பது போதாது. அங்கே எலும்பு கூடியதா என்று பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். 48 மணி நேரத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொருவரின் போன் நம்பரும் அரசிடம் இருக்கும். ஆறாவது வாரம் ஒரு அழைப்பு, மூன்றாவது மாதம் ஒரு அழைப்பு: “கை எழும்புகிறதா?” இவ்வளவுதான் கேள்வி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு வீடாகப் போகிறார்கள். தொங்கும் கையைப் பார்த்தால் வெறும் பயிற்சி கொடுப்பதோடு நிற்காமல், அடிபட்ட தேதியைக் கேட்டு மேலே அனுப்பும் பொறுப்பும் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டும். கரண்ட் வைப்பதால் அறுந்த நரம்பு ஒட்டாது. அது ஒட்டும் என்ற நம்பிக்கையில்தான் எங்களுக்கு மாதங்கள் கழிந்தன.

போன மாதம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பையன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. தொடையில் கட்டு, வலது கை தூளியில். அவனுடைய அம்மா, “எலும்பு நல்லா சேர்ந்துடுச்சாம், கை மெதுவா வருமாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் அக்கா மகன் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து முதலில் அவன் கண்ணைத்தான் பார்த்தான். பிறகு அடிபட்ட தேதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணினான். ஒற்றைக் கை விரல்களால் எண்ண நேரம் பிடித்தது. 47 நாள். மறுநாள் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் அவனையும் அவன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு தானே சென்னைக்குப் போனான். வருகிற வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.